இரண்டாம் கணு வரை போனால் மீடியம்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். வேலை மேல் இல்லை, கேட்கிறவர்கள் மேல். பதிலைச் சொன்னதும் சிரிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பழைய காரின் சைலன்சர் குழாய்க்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்து, அது எந்த எஞ்சினுக்கு உரியது என்று சொல்வதுதான் அவருடைய வேலை. சிரித்தாயிற்றா? சரி, மேலே கேளுங்கள்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவதாக ஒரு கைப்பைக்குக்கூட இடம் கிடையாது. நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். வைத்திருக்கிறவர்களோ அதைப் பெற்ற பிள்ளையைவிட மேலாக வைத்திருக்கிறார்கள். சின்னது, மீடியம், பெரியது என்று மூன்று எஞ்சினில் வந்த கார். செய்த புண்ணியவான்கள் மூன்றுக்கும் சைலன்சர் குழாயை வெளியே பார்க்க ஒரே மாதிரி செய்து வைத்துவிட்டார்கள். அதே நீளம், அதே வளைவு, எஞ்சினோடு சேர்கிற வாயில் அதே மூன்று போல்ட் ஓட்டை. உள்துவாரம் மட்டும் மூன்றிலும் மூன்று அளவு, அதுவும் நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில். எந்தக் குழாயை எந்த வண்டியில் வேண்டுமானாலும் பூட்டிவிடலாம். தப்பாகப் பூட்டியிருக்கிறது என்பது மேட்டில் ஏறும்போதுதான் தெரியும்.

அந்த ஒரு காருக்கு மட்டும் பாகம் விற்கிற கடையில்தான் அவருக்கு வேலை. உள்ளே நீளமான கொட்டகை, கூரை வரைக்கும் இரும்புத் தட்டு, தட்டு முழுக்கக் குழாய். பெரும்பாலானவை உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றியவை. நம்பர் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் என்றைக்கோ சூட்டில் கருகிப்போனது. வெர்னியர் வைத்து அளக்கக் கூடாதா என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். துருப்பிடித்து, அடிபட்டு, கோணிப்போன வாயில் வெர்னியரை இப்படி வைத்தால் ஒன்று சொல்லும், திருப்பி வைத்தால் வேறொன்று சொல்லும். மூன்று விரலைச் சேர்த்து விட்டால் அது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொடும். அவருடைய கணக்கு இதுதான்: ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் குவித்து உள்ளே விட வேண்டும். முதல் கணுவில் நின்றால் சின்னது. இரண்டாம் கணு வரை போனால் மீடியம். கல்யாண மோதிரம் வாயில் இடித்து ‘டிங்’ என்று கேட்டால் பெரியது. கடையில் இருந்த ஒரே வெர்னியரை அவர் முதுகு சொறிய வைத்திருந்தார்.

பதினேழு வருடத்தில் ஒரு குழாய்கூடத் தப்பியதில்லை. கடையில் இருந்த மற்ற மூன்று பேரும் நின்றுகொண்டே வேலை செய்ய, அவருக்கு மட்டும் மெத்தை போட்ட சுழல் நாற்காலி. அவர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், இவர் விரலை நீட்டுவார். யாரோடும் கை குலுக்க மாட்டார், நசுங்கிவிடுமாம். வீட்டில் ஒரு டம்ளர் கழுவ மாட்டார், தண்ணீரில் ஊறினால் விரல் உப்பிவிடுமாம். பதினேழு வருடம் நானே தேய்த்தேன். இந்த விரலால்தானே அடுப்பு எரிகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு தேய்த்தேன். ஆனால் மனதுக்குள் திட்டாமல் ஒரு நாளும் தேய்த்ததில்லை.

பிறகு சர்க்கரை வந்து சேர்ந்தது. டாக்டரம்மா அவரை எடை மெஷினில் ஏற்றிவிட்டு, முள்ளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“பன்னெண்டு கிலோ குறைக்கணும். இல்லேன்னா மருந்து மட்டும் ஒண்ணும் பண்ணாது. கண்ணு, கிட்னி ரெண்டும் வரிசைல நிக்குது.”

“குறைச்சிடலாம் டாக்டர்” என்றார் இவர், ஏதோ வானொலிச் சத்தத்தைக் குறைக்கிற மாதிரி.

குறைத்தது நான்தான். விடியற்காலையில் எழுப்பி நடக்கவிட்டேன். வெள்ளரிக்காயை நறுக்கிக் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணில் காட்டவில்லை. அலமாரியில் இருந்த சர்க்கரையை வாய் குறுகின கண்ணாடிப் பாட்டிலில் அடியில் மட்டும் போட்டு வைத்தேன். அவருடைய மூன்று விரல் அந்த வாயில் இரண்டாம் கணுவோடு நின்றுவிடும், சர்க்கரை எட்டாது. ஒன்றுதான் என்னால் நிறுத்த முடியவில்லை. பேக்கரிக்காரர் தினமும் சாயங்காலம் நான்கு வெண்ணெய் பன் போட்டுவிட்டுப் போவார், வருடக்கணக்கான பழக்கம். அந்த மனுஷனும் பிள்ளைகுட்டிக்காரர், திடீரென்று வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்? பன்னை வாங்கி வைத்தேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. இவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்வேன்.

நான்கு மாதத்தில் அவர் இளைத்துவிட்டார். கன்னம் உள்ளே போய், கழுத்து வெளியே வந்து, பழைய சட்டைக்குள் இரண்டு பேர் இருக்கலாம் போலாயிற்று. மாடி வீட்டில் இருக்கும் என் நாத்தனார், அவருடைய அக்கா, தினமும் படியிறங்கி வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போவார்.

“என் தம்பியைக் குச்சியா ஆக்கிட்டியேடி! பெத்தவங்க இருந்திருந்தா கேட்டிருப்பாங்க!”

“குச்சியா இருந்தாலும் இருக்காரேக்கா” என்பேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடையில் சின்னக் குழாய் காணாமல் போக ஆரம்பித்தது. திருடு இல்லை. இவர் எந்தக் குழாயில் விரலை விட்டாலும் மீடியம் அல்லது பெரியது. சின்னது வரவே இல்லை.

“என்னமோ தெரியலம்மா, ஊர்ல சின்னதே இல்லாம போச்சு. எதை எடுத்தாலும் மீடியம்” என்று வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

கடல் தாண்டி ஒரு கம்பெனி இந்தக் குழாய்களை இன்னமும் புதிதாகச் செய்கிறது. முதலாளி அங்கிருந்து இருபது சின்னக் குழாய் வரவழைத்தார். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ‘சின்னது’ என்றே போட்டிருந்தது. இவர் விரலை விட்டார், மீடியம். இன்னொன்று, அதுவும் மீடியம். கோபம் தலைக்கேறி அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘நாங்கள் கேட்டது சின்னது, தாங்கள் அனுப்பியது மீடியம், பதினேழு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இனிமேலாவது கவனமாக வேலை செய்யவும்.’ அவர்கள் மூன்று முறை அளந்து, படம் எடுத்து, மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

“வெர்னியரை வெச்சு அளந்திருக்காங்க, பாவம்” என்றார் இவர். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

மோதிரமும் தொந்தரவு கொடுத்தது. கழன்று கழன்று விழுந்தது. நூல் சுற்றிக் கொடுத்தேன். நூல் சுற்றியதும் ‘டிங்’ சத்தம் கேட்கவில்லை, அவரே வாயால் “டிங்” என்று சொல்லிக்கொண்டார். ஒரு நாள் மோதிரம் நூலோடு ஒரு சைலன்சருக்குள் போய்விட்டது. நாலு பேரும் சேர்ந்து அதைக் கைக்குழந்தையைப் போலக் குலுக்கி, கவிழ்த்து, தட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனதாம். அன்றைக்கே அதைப் பிடுங்கி என் மோதிர விரலில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

அடுத்த வாரம் குழாய்கள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் வந்தவர் பல் டாக்டர், சிவப்பு வண்டி, மீடியம் எஞ்சின். கார் வைத்திருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இவர் ‘மீடியம்’ என்று கொடுத்த குழாயைப் பூட்டிக்கொண்டு பாலத்து மேட்டில் ஏறியிருக்கிறார். பாதியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ். பஸ்ஸுக்குள் இருந்தவர்களெல்லாம் இறங்கி அவரைத் தள்ளிவிட்டு, பிறகு ஏறிக்கொண்டு போனார்களாம்.

“என் வண்டிக்கு ஆஸ்துமா வந்துடுச்சுய்யா! மூச்சு விட முடியாம இருமுது!” என்று கவுண்டரில் குழாயைப் போட்டார். அடுத்தவருடைய பெரிய எஞ்சின் வண்டி ஊளையிட்டதில் தெரு நாய்கள் எல்லாம் பதில் கொடுத்தனவாம். ஒரே வாரத்தில் பதினோரு குழாய் திரும்பி வந்தது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினேழு வருடப் பெயர் பதினோரு குழாயில் போய்விடும் போலிருந்தது. முதலாளி அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். பலகையின் கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் போட்டிருந்தது, அதையும் சேர்த்துப் படித்துவிட்டு வந்தார்.

உண்மை வெளிவந்தது என் சமையலறையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் உள்ளே போனால், மனுஷன் அலமாரி முன்னால் நிற்கிறார், சர்க்கரைப் பாட்டிலுக்குள் கை. திருட்டுத்தனமாக ஒரு சிட்டிகை தின்ன வந்திருக்கிறார்.

“அடப்பாவி மனுஷா! நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உங்களை நடமாட வெச்சிருக்கேன், நீங்க என்னடான்னா...”

அவர் திரும்பவே இல்லை. விரலை வெளியே எடுத்தார். மூன்று விரல் நுனியிலும் சர்க்கரை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ள போயிடுச்சும்மா” என்றார். “எட்டவே எட்டாதே. இப்ப எட்டுது. இளைச்சது நான் மட்டும் இல்லம்மா. என் விரலும் இளைச்சிடுச்சு.”

எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று விளங்க. முதல் கணுவில் நிற்க வேண்டிய விரல் இரண்டாம் கணு வரை போயிருக்கிறது. சின்னதெல்லாம் மீடியம், மீடியமெல்லாம் பெரியது. கடல் தாண்டி இருந்த கம்பெனிக்காரர்கள் பாவம். பாலத்து மேட்டில் பல் டாக்டரைத் தள்ளிவிட்ட பஸ்காரர்கள் பாவம். இவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் கையிலிருந்த சர்க்கரையைத் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் கடையில் உண்மையைச் சொன்னார், மறைக்கத் தெரியாது. முதலாளி அவரைப் பார்சல் எடை போடுகிற மேடையில் ஏற்றினார்.

“பன்னெண்டு கிலோ எங்கய்யா?”

“போயிடுச்சு முதலாளி.”

“எப்படிப் போச்சோ அப்படியே திரும்பக் கொண்டு வா. ரெண்டு மாசம் டைம். விரல் இல்லாத ஆளை நாற்காலில உக்கார வெச்சு நான் என்ன பண்றது? வேற வழி பாத்துக்கறேன்.”

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர் கெட்டவரைவிட மோசம். அன்று முதல் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு கேக், பதினோரு மணிக்கு வறுத்த உருளைக்கிழங்கு, மூன்று மணிக்கு ஐஸ்கிரீம் என்று கடைச் செலவில் வந்தது. என் நாத்தனார் படியிறங்கி வந்து அவருடைய சட்டைப் பையில் முந்திரிப்பருப்பை நிரப்பிவிட்டுப் போனார். காலையில் முதலாளி பார்சல் மேடையில் எடை பார்ப்பார், சாயங்காலம் நான் வீட்டு மெஷினில் எடை பார்ப்பேன். கடையில் ஏறினால் அவருக்குச் சந்தோஷம், வீட்டில் ஏறினால் எனக்கு வயிற்றெரிச்சல். நடுவில் இந்த மனுஷன் கடையில் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ‘ஒண்ணும் சாப்பிடலை’ என்று வெள்ளரிக்காயையும் சாப்பிட்டார்.

நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன். விரல், கணு, டிங் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

“திரும்ப ஏத்தினா இந்தத் தடவை இறக்க முடியாதும்மா. வேலை வேணுமா, ஆள் வேணுமான்னு நீங்கதான் சொல்லணும்.”

ஆள்தான் வேண்டும். அதில் என்ன கேள்வி? ஆனால் வேலை போனால் இந்த ஆள் உட்கார்ந்த இடத்திலேயே உளுத்துப்போவார் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் குழாய் வாயைத் தவிர உலகத்தில் அவருக்குத் தெரிந்தது வேறொன்றும் இல்லை. அவரிடமே கேட்டேன்.

“சாகறதுக்குப் பயமா இல்லையா உங்களுக்கு?”

“இருக்குதும்மா. ஆனா நாற்காலில உக்காந்து செத்தா பரவாயில்லைன்னு தோணுது” என்றார். கையில் இருந்த கரண்டியால் ஒன்று போடலாம் போலிருந்தது.

போடவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே கடைக்குப் போனேன். கவுண்டர் மேல் கேக் இருந்தது, பாதி வெட்டியபடி. இவர் வாய் நிறைய கேக்கோடு எழுந்து நின்றார்.

“என்ன முதலாளி நினைச்சிட்டிருக்கீங்க? என் வீட்டுக்காரர் என்ன கறிக்கோழியா, தீனி போட்டு எடை பாக்கறதுக்கு?”

“தங்கச்சி, கோவப்படாதீங்க. எனக்கு வேண்டியது அவர் இல்லை, விரல்தான்...”

“விரல்தானே? விரல்தானே வேணும்? இந்தாங்க விரல்!”

அறைந்திருப்பேன், எட்டியிருந்தால். நடுவில் கவுண்டர். கவுண்டர் மேல் ஒரு குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கையை எங்காவது ஓங்கியாக வேண்டுமே, மூன்று விரலையும் அதற்குள் குத்தினேன்.

டிங்.

தட்டுகளுக்கு நடுவில் இருந்த மூன்று பேரும் தலையை நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் வாயிலிருந்த கேக்கை விழுங்கினார்.

“பெரியது” என்றார் மெதுவாக. பிறகு என் கையைப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னொண்ணுல விடும்மா.”

குண்டாக இருந்த காலத்தில் அவரே பார்த்து, பெயிண்டில் குறி போட்டு வைத்த இருபது குழாய் மேல்தட்டில் இருந்தது. ஒவ்வொன்றாக இறக்கினார்கள். குறியை மறைத்துக்கொண்டு நீட்டினார்கள். முதல் கணு, இரண்டாம் கணு, டிங், இரண்டாம் கணு. இருபதுக்கு இருபது. ஒரு மயிரிழை தப்பவில்லை.

அவரிடமிருந்து போன பன்னிரண்டு கிலோ எங்கே போனது என்று இப்போது புரிகிறதா? தினம் நான்கு வெண்ணெய் பன். அவர் தட்டில் போடாமல் வைத்த எண்ணெய்ப் பலகாரம். நாத்தனார் கொண்டு வந்து நான் பிடுங்கி வைத்த முந்திரி. வீணாக்குவது எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா. வீட்டுப் பொருள் வீட்டிலேயேதான் இருந்திருக்கிறது, அறை மாறி இருந்திருக்கிறது.

மறுநாள் முதல் மெத்தை நாற்காலியில் நான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, குழாய் வாயைத் துணியால் துடைத்து நீட்டுவார், நான் விரலை விடுவேன், அவர் சீட்டு எழுதுவார். “முப்பது டிகிரி திருப்பும்மா, வாய் கோணியிருக்கு” என்பார். எது துரு, எது நசுங்கல், எது நிஜமாகவே குறுகல் என்று அவருக்குத்தான் தெரியும். கேக் இப்போது எனக்கு வந்தது. கடைக்காரர்கள் மூன்று பேரும் “அண்ணி, அண்ணி” என்று தாங்கினார்கள். பல் டாக்டர் குழாயை மாற்றிக்கொண்டு போய் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஃபோன் பண்ணி, என்னை எஞ்சின் சத்தத்தைக் கேட்க வைத்தார். உண்மையைச் சொல்ல எனக்கென்ன பயம்? எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. பாத்திரம் தேய்க்க ஒரு ஆளை வைத்தார் முதலாளி, என் விரல் ஊறக்கூடாதாம்.

மூன்று மாதம் இப்படிப் போனது. இவருக்குச் சர்க்கரை சோதிக்கும் நாள் வந்தது. எல்லாம் கட்டுக்குள் இருந்தது. டாக்டரம்மா சந்தோஷமாக எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தினார், என் மேல் பார்வை நின்றது.

“நீங்களும் ஒரு தடவை மெஷின்ல ஏறுங்க பாக்கலாம்.”

ஏறினேன். ரத்தமும் எடுத்தார்கள். முடிவு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இவருக்கு அன்னிக்கு இருந்ததைவிட உங்களுக்கு இப்ப ஜாஸ்தி. பன்னெண்டு கிலோ குறைக்கணும்மா.”

வீட்டுக்கு வந்தோம். நாத்தனார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்பத்தான் இந்த வீட்டுல பாக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கு” என்றார். முதலாளிக்கு ஃபோனில் சொன்னேன். “ஒரு ரெண்டு வருஷம் பொறுத்துக்கக் கூடாதா தங்கச்சி?” என்றார்.

நானும் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன். சாயங்காலம் பன்னைப் பிய்த்துக்கொண்டே இவரிடம் சொன்னேன்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் குண்டா இருந்தாத்தான் வேலை நிக்கும்னா, நான் இருந்துட்டுப் போறேன். நீங்க மாத்திரையை ஒழுங்கா எடுத்துக் குடுங்க, போதும்.”

அவர் என்னையே பார்த்தார். ‘வேண்டாம்’ என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்கு உள்ளுக்குள் வலித்தது. சொல்லவில்லை. தட்டிலிருந்த மிச்ச பன்னை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற நாய்க்குப் போட்டார்.

மறுநாள் காலை சமையல் மேடைக்கு முன்னால் நின்றிருந்தேன். பின்னால் வந்து என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் இப்படிப் பிடித்தது. “என்னங்க, காலங்காத்தால...” என்று வெட்கப்பட்டேன், பைத்தியக்காரி. விரலில் ஏதோ சில்லென்று பட்டது. பார்த்தால் வெர்னியர். முதுகு சொறிகிற வெர்னியர். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

“ஆடாம நில்லு” என்றார்.

மூன்று விரலையும் குவித்துப் பிடித்து, முதல் கணுவில் அளந்தார். இரண்டாம் கணுவில் அளந்தார். மோதிரம் இருக்கிற இடத்தில் அளந்தார். எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, ஒவ்வொன்றையும் ஐந்து தடவை. அளந்ததையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். குழம்பு அடிப்பிடித்தது, அதைக்கூடச் சொல்லாமல் நின்றேன்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு லேத்காரரிடம் போனார். ஒரு சாண் இரும்புத் தடி, நுனி ஒல்லி, அப்புறம் ஒரு படி தடிமன், அப்புறம் இன்னொரு படி, அதற்கும் மேலே ஒரு பித்தளை வளையம். படிக்குப் படி வழவழப்பாகச் சரிவாக இறக்கியிருந்தது, விரல் மாதிரியே. இரண்டு தடியைச் சரியில்லை என்று திருப்பிவிட்டார். லேத்காரர், “என்னய்யா, உன் பொண்டாட்டி விரலையா கடையறேன்?” என்று எரிந்து விழுந்தாராம். “ஆமா” என்றாராம் இவர்.

மூன்றாவது தடியைக் கடைக்குக் கொண்டு போய்க் கவுண்டரில் வைத்தார். பெயிண்டில் குறி போட்ட இருபது குழாயும் மறுபடி இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, வளையம் இடிக்க வேண்டிய இடத்தில் டிங் என்றது. முதலாளி தானே ஒன்றை விட்டுப் பார்த்தார். நின்றுகொண்டு வேலை செய்கிற மூன்று பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொன்று விடச் சொன்னார். யார் விட்டாலும் சரியாகவே சொன்னது. முதலாளி தடியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியில் இவரைப் பார்த்தார்.

“இது இருந்தா யார் வேணும்னாலும் பாக்கலாமேய்யா.”

“ஆமா முதலாளி. யார் வேணும்னாலும் பாக்கலாம்.”

“அப்ப நீ?”

“தெரிஞ்சுதான் செஞ்சேன் முதலாளி. குழாயைத் தூக்கறதுக்கு ஆள் வேணும்ல?”

இதையெல்லாம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. செத்தாலும் இந்த நாற்காலியில் சாகிறேன் என்று சொன்ன மனுஷன், முதுகு சொறிகிற வெர்னியரை வைத்தே நாற்காலியை அறுத்துவிட்டார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நான் கோபித்துக்கொண்டேனே, அதை நினைத்து அங்கேயே அழுதேன். முதலாளி, கேக் வேண்டாமா என்று கேட்டார்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. நான்கு பேரில் ஒருவராக நின்றுகொண்டு, குழாய் இறக்கி, குழாய் ஏற்றி, துரு தேய்க்கிறார். மெத்தை நாற்காலியில் வெல்வெட் துணி விரித்த மரப்பெட்டி இருக்கிறது, அதற்குள் அந்தத் தடி. கடையில் அதற்குப் பெயர் அண்ணி. “அண்ணியை எடு”, “அண்ணி ரெண்டாம் கணுவுல நின்னுட்டாங்க, மீடியம் போடு”, “அண்ணி மேல எண்ணெய் கொட்டிட்டியேடா” என்று நாளெல்லாம் கேட்கும். யாராவது டொங்கென்று கீழே வைத்துவிட்டால் இவருக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே, ஓடி வந்து எடுத்துத் தன் சட்டையில் துடைத்து வைப்பார்.

நான் ஒன்பது கிலோ இறங்கிவிட்டேன். பேக்கரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. மோதிரம் என் விரலிலும் நழுவ ஆரம்பித்துவிட்டது. நூல் சுற்றியிருக்கிறேன். பாத்திரம் தேய்க்க வந்த ஆளை முதலாளி நிறுத்திவிட்டார், என் விரல்தான் இனி வேண்டாமே.

நேற்றுச் சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் நான் தட்டை எடுக்கப் போனேன். இவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சட்டைக் கையை மடக்கிவிட்டு, குழாயைத் திறந்து, பதினேழு வருடம் நனையாத மூன்று விரலையும் தண்ணீரில் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு தட்டுக்கு இவ்வளவு சோப்பு யாரும் போட மாட்டார்கள். நாள் முழுக்க நின்ற கால், ஒன்றை மாற்றி ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“கால் வலிக்குதாங்க?” என்று கேட்டேன்.

“சேச்சே. டாக்டரம்மாதான் உக்காந்தே இருக்கக் கூடாதுன்னாங்களே” என்றார், என் பக்கம் திரும்பாமல். பொய் சொல்லவும் தெரியாது, பாத்திரம் தேய்க்கவும் தெரியாது. அவர் தூங்கின பிறகு அந்தத் தட்டை நான் மறுபடியும் ஒரு தடவை கழுவி வைத்தேன், முதல் தடவையாகத் திட்டாமல்.